மூங்கில், பட்டு, மோட்டார்... வீட்டுப் பட்டறையில் விமானம்!

விமானம் என்று சொன்னால் காஞ்சிபுரம் மாவட்டத்து விவசாயிகளுக்கு இன்று நினைவுக்கு வருவது பரந்தூர். 2022-ல் அங்கே புதிய விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டதும், ஏகனாபுரம் மக்கள் நிலத்துக்காகப் போராடி வருவதும் எல்லோருக்கும் தெரியும். அது தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம். இங்கே சொல்லப்போவது வேறு வகை விமானம். ஓடுதளத்துக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் கேட்காத, வீட்டுக் கொட்டகையிலும் மொட்டை மாடியிலும் தனி மனிதர்கள் செய்த விமானம்.

வீடே பட்டறையாக இருப்பது காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. பிள்ளையார்பாளையத்தில் நடந்து போனால், கூடத்தில் தறி, அதன் அடியில் குழி, ஒரு மூலையில் பாவு, இன்னொரு மூலையில் சமையல் என்று குடும்பமும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் நடப்பதைப் பார்க்கலாம். கிராமத்துக்கு வந்தால் பவர் டில்லரைப் பிரித்துப் போட்டு மாட்டுகிற பையன்கள், பழைய பைக் இன்ஜினில் களை எடுக்கும் கருவி செய்கிறவர்கள் என்று ஊருக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவன் திடீரென்று "விமானம் செய்யப் போறேன்" என்றால் வீட்டில் என்ன சொல்வது? சிரித்துவிட்டுப் போவதா, திட்டுவதா, பணம் கொடுப்பதா?

பதில் சொல்வதற்கு முன்னால், இதைச் செய்து பார்த்தவர்களின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

பல்லாவரத்தில் பறந்த விமானம்

நம் பக்கத்துக் கதையிலேயே தொடங்கலாம். இன்று பல்லாவரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. நூறு வருடங்களுக்கு முன் பல்லாவரம், காஞ்சிபுரம் இரண்டுமே பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள்தான்.

அப்போது சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்தவர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்ற ஐரோப்பியர். 1909 ஜூலையில் பிரான்ஸைச் சேர்ந்த லூயி பிளேரியோ, ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார். அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பல பேருக்கு ஆசையைக் கிளப்பிவிட்டது. டி ஏஞ்சலிஸும் அதில் ஒருவர். குதிரை வண்டிகளும் மோட்டார் வண்டிகளும் கட்டிவந்த சிம்சன் கம்பெனியின் உதவியோடு, சென்னையிலேயே ஒரு விமானத்தைக் கட்டினார். 1910 மார்ச் மாதம் பல்லாவரத்தில் அது பறந்தது. பிறகு சென்னை தீவுத்திடலில் கட்டணம் வைத்து மக்களுக்குப் பறந்து காட்டினார்.

அலகாபாத்தில் இருந்து நைனிக்கு 1911 பிப்ரவரி 18-ம் தேதி விமானத்தில் தபால் கொண்டுபோன சம்பவத்தைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்பே, உள்ளூரில் கட்டிய விமானம் நம் மண்ணில் எழும்பிவிட்டது. கட்டியவர் இன்ஜினீயர் அல்ல, ஹோட்டல்காரர் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தனக்குத் தெரியாத வேலையைத் தெரிந்த வண்டிப் பட்டறையிடம் கொடுத்தார். அதனால்தான் காரியம் முடிந்தது.

காபித் தோட்டத்துப் பிள்ளையின் பட்டு விமானம்

அதே காலத்தில் பாரிஸில் இன்னொருவர் விமானம் செய்துகொண்டிருந்தார். பெயர் ஆல்பர்டோ சாண்டோஸ் டுமாண்ட். பிரேசில் நாட்டுக்காரர். அப்பா பெரிய காபித் தோட்ட விவசாயி. தோட்டத்தில் காபிக்கொட்டை சுத்தம் செய்யும் இயந்திரங்களையும், கொட்டை ஏற்றிப்போகும் ரயில் இன்ஜினையும் பார்த்து வளர்ந்தவர். அங்கேதான் இயந்திரத்தின் மீது பிடிப்பு வந்தது.

அவர் 1907-ல் தொடங்கி 1909-க்குள் திருத்தி முடித்த சிறிய விமானத்தின் பெயர் டெமாய்செல். தும்பியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. உடம்பு மூங்கில், இறக்கைக்குப் போர்த்தியது பட்டுத்துணி. மொத்த எடை இரண்டு நெல் மூட்டையைத் தாண்டாது. ஒரே ஆள் உட்கார்ந்து ஓட்டலாம். எடை குறைவு, இழுத்துக் கட்டினால் தாங்கும் வலு, நெருக்கமான நெசவு ஆகிய மூன்றும் இருந்ததால்தான் பட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குணங்களைக் காஞ்சிபுரத்து நெசவாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நைலான் வரும்வரை பாராசூட்டுகளும் பட்டில்தான் செய்யப்பட்டன.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த விமானத்துக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. வரைபடத்தை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். 1910-ல் ஓர் அமெரிக்க மாத இதழ் அந்த வரைபடங்களை வெளியிட்டது. நல்ல விதையை அக்கம்பக்கத்தில் பகிர்ந்து கொடுக்கிற விவசாயியின் மனசு அது.

மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டர்

இனி நம் காலத்துக்கு வருவோம். கேரளா, இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தவர் சஜி தாமஸ். பிறவியிலேயே காது கேட்காது, பேச வராது. படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டது. சிறுவனாக இருந்தபோது ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க ஹெலிகாப்டர் வந்தது. அதைப் பார்த்ததில் பிடித்த ஆசைதான், கடைசிவரை விடவில்லை. எலெக்ட்ரீஷியன் வேலையும் போட்டோ எடுக்கும் வேலையும் பார்த்துக்கொண்டே, கிடைத்த பணத்தை எல்லாம் விமானத்தில் போட்டார்.

முதலில் செய்தது எதிர்பார்த்தபடி அமையவில்லை. அடுத்ததாக, இரண்டு பேர் உட்காரும் மிக இலகு ரக விமானத்தைப் பல வருடம் உழைத்து, பல லட்சம் செலவு செய்து கட்டினார். 2014-ல் அது பறந்தது. பறந்த இடம் நம் தமிழ்நாடு. திருநெல்வேலி மாவட்டம், அம்பாசமுத்திரம் பக்கத்தில் மணிமுத்தாறில் இருக்கும் தனியார் ஓடுதளத்தில்! இவருடைய வாழ்க்கையை அடிப்படையாக வைத்துத்தான் 2017-ல் 'விமானம்' என்ற மலையாளப் படம் வந்தது.

இதில் முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்த விமானத்தை முதலில் ஓட்டியது சஜி தாமஸ் அல்ல. விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற அனுபவசாலியான விமானி ஒருவர், விமானத்தைச் சரிபார்த்த பிறகு ஓட்டினார். செய்யத் தெரிந்தவர் வேறு, ஓட்டத் தெரிந்தவர் வேறு என்பதை ஒப்புக்கொண்ட நிதானம்தான் அவருடைய உழைப்பைக் காப்பாற்றியது.

மொட்டை மாடியில் ஆறு இருக்கை

மும்பையைச் சேர்ந்த அமோல் யாதவ் தொழில்முறை விமானி. அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். அதற்கு முன் செய்த இரண்டு முயற்சிகள் கைகூடவில்லை. மூன்றாவதைக் கட்டி, 2016 பிப்ரவரியில் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைத்தார். மாடியில் இருந்து கிரேன் வைத்துத்தான் இறக்கினார்கள்.

கட்டி முடித்த பிறகுதான் அவருக்கு உண்மையான சோதனை ஆரம்பித்தது. விமானப் பதிவு கிடைத்தது 2017-ல். பறந்து பார்க்க அனுமதி 2019-ல். மகாராஷ்டிராவின் துலேயில் விமானம் எழும்பியது 2020-ல். விமானியாக இருந்து எல்லா விதியும் தெரிந்தவருக்கே இவ்வளவு காலம் ஆனது.

ஆலப்புழாவைச் சேர்ந்த அசோக் தாமராக்ஷன் இங்கிலாந்தில் வேறு வழியில் போனார். கொரோனா ஊரடங்கின்போது, தென் ஆப்பிரிக்கக் கம்பெனி ஒன்றிடம் நான்கு பேர் உட்காரும் விமானத்தின் பாகங்களை 'கிட்' ஆக வாங்கினார். கம்பெனி கொடுத்த கையேட்டைப் பார்த்து, வீட்டுத் தோட்டத்தில் போட்ட கொட்டகையில் மாட்டத் தொடங்கினார். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நாட்டு ஆய்வாளர்கள் வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள். 2022-ல் அந்த விமானத்தில் குடும்பத்தோடு பறந்தார். செலவு, நம் பணத்தில் ஒரு கோடியைத் தாண்டும்.

எப்படிக் கட்டுகிறார்கள்?

வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் மூன்று வகையில் செய்கிறார்கள். கம்பெனியிடம் கிட் வாங்கி மாட்டுவது ஒன்று. வரைபடம் மட்டும் வாங்கி, பாகங்களைத் தாங்களே செய்வது இரண்டாவது. வரைபடத்தையும் தாங்களே போடுவது மூன்றாவது. மூன்றாவதுதான் மிகவும் ஆபத்தானது. கிட் வாங்கினால்கூட ஆயிரம், இரண்டாயிரம் மணி நேர வேலை இருக்கும். தினமும் இரண்டு மணி நேரம் என்று வைத்தால் இரண்டு, மூன்று வருடம்.

எலும்புக்கூடு மரத்தாலோ அலுமினியத்தாலோ எஃகுக் குழாயாலோ அமையும். துணி போர்த்தும் வகை என்றால், இறக்கையின் விலா எலும்புகள் மேல் துணியை இழுத்து, ஒவ்வொரு விலாவோடும் மெழுகு நூலால் தைத்துக் கட்டுவார்கள். ரைட் சகோதரர்கள் 1903-ல் போர்த்தியது பருத்தித் துணி. பிறகு லினன் வந்தது. இப்போது பாலியெஸ்டர். சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் அது சுருங்கி மத்தளத் தோல் மாதிரி இறுகும். அதன்மேல் பல பூச்சு கொடுத்துக் காற்றுப் புகாமல் செய்வார்கள். பாவுக்குக் கஞ்சி போட்டு இழையை விறைப்பாக்குகிற அதே யோசனைதான்.

பறப்பதற்கு முன்னால் கட்டாயம் பார்க்க வேண்டியவை சில உண்டு.

சுமைச் சோதனை: இறக்கையைத் தலைகீழாகப் பொருத்தி, மேலே மணல் மூட்டைகளை அடுக்குவார்கள். வானத்தில் திரும்பும்போதும் காற்று தூக்கி எறியும்போதும் இறக்கை மீது விமான எடையைப்போல் சுமார் நான்கு மடங்கு சுமை விழலாம். அந்தச் சுமையில் இறக்கை வளைந்து பழைய நிலைக்கு வர வேண்டும், ஒடியக் கூடாது.

எடைச் சமநிலை: மூன்று சக்கரத்தையும் தனித்தனித் தராசில் நிறுத்தி, எடை எந்த இடத்தில் மையம் கொள்கிறது என்று கணக்கிடுவார்கள். மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும் இல்லையா? விமானத்தில் பின்பாரம் ஏறினால் மூக்கு மேலே தூக்கி, வேகம் செத்து, கீழே விழும். இதைச் சரிசெய்யாமல் யாரும் பறக்கக் கூடாது.

இன்ஜின்: பைக், கார் இன்ஜின்கள் சாலையில் முழு வேகத்தில் ஓடுவது கொஞ்ச நேரம்தான். விமானத்தில் முழுப் பயணமும் அதிகச் சுமையில் ஓட வேண்டும். சூடேறி நின்றால் ஓரமாக நிறுத்த முடியாது. மோட்டார் பம்ப்செட் நின்றால் தண்ணீர் நிற்கும், விமான இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆணியும் மறையும்: அதிர்வில் எந்த மறையும் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகத் துளையிட்ட போல்ட்டில் ஊசிப் பூட்டும் கம்பிப் பூட்டும் போடுவார்கள். ஹார்டுவேர் கடை போல்ட்டுக்கும் விமான போல்ட்டுக்கும் பார்வையில் வித்தியாசம் தெரியாது. சுமை ஏறும்போதுதான் தெரியும்.

ஆசை உயிரைக் கேட்ட இடம்

மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் ஒரு கிராமம். அங்கே வெல்டிங் வேலை பார்த்த இளைஞர் ஒருவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், எஃகுக் குழாயும் கார் இன்ஜினும் வைத்துத் தனி ஆளாக ஹெலிகாப்டர் கட்டினார். திறமைக்குக் குறைவே இல்லை. 2021 ஆகஸ்டில் சோதனை ஓட்டம். ஹெலிகாப்டர் தரையில்தான் இருந்தது. சுற்றிக்கொண்டிருந்த விசிறி உடைந்து தலையில் அடித்தது. உயிர் போய்விட்டது.

அந்த இளைஞரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் பக்கத்தில் இருந்து, "தம்பி, இந்த விசிறியைச் சுற்றவிடுவதற்கு முன்னால் இதை யாரிடமாவது காட்டினியா?" என்று கேட்க ஒரு படித்த ஆள் இல்லாமல் போனதுதான் வருத்தம். சஜி தாமஸுக்குக் கிடைத்த வழிகாட்டி அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரே மாதிரி ஆசை, ஒரே மாதிரி உழைப்பு. முடிவு மட்டும் வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆள் ஏறிப் பறக்கும் எதுவாக இருந்தாலும், டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் கட்டுப்பாட்டில் வரும். பழைய 1934-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 'பாரதிய வாயுயான் அதிநியம்' என்ற புதிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விமானத்தைப் பதிவு செய்ய வேண்டும். இந்திய விமானங்கள் எல்லாவற்றுக்கும் 'வி.டி.' என்று தொடங்கும் எண் தருவார்கள். பறக்கத் தகுதியானது என்ற அனுமதி வேண்டும். ஓட்டுகிறவருக்கு உரிமம் வேண்டும். தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 17 வயதும், 40 மணி நேரப் பறப்புப் பயிற்சியும் தேவை. வயலில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு அனுமதி வாங்கலாம் என்பது நடக்காத காரியம்.

விவசாயிக்கு இதில் என்ன?

பல்லாவரத்துக்குப் பக்கத்து ஊர் குரோம்பேட்டை. அங்கே 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி. கல்லூரியில்தான் ராமேஸ்வரத்தில் இருந்து வந்த அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். அதே வளாகத்து மாணவர்களின் 'தக்ஷா' குழுதான் ட்ரோன்கள் செய்து பேர் வாங்கியது. நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்த குழு அது. இன்று விவசாயிக்குப் பயன்படுகிற 'ஆளில்லா விமானம்' அந்த ட்ரோன்தான்.

10 லிட்டர் டேங்க் உள்ள ட்ரோன், ஓர் ஏக்கருக்குச் சுமார் 10 நிமிடத்தில் மருந்து தெளித்துவிடும். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 150 முதல் 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் இடத்தில், இதற்குச் சுமார் 10 லிட்டர் போதும். மருந்தின் அளவு பரிந்துரைப்படிதான் இருக்க வேண்டும், தண்ணீர்தான் குறைகிறது. கரைசல் அடர்த்தியாக இருப்பதால் காற்றில் பக்கத்து வயலுக்குப் போனால் பாதிப்பும் அதிகம். மல்பெரித் தோட்டத்தின் பக்கத்தில் கூடுதல் கவனம் தேவை. பூச்சிமருந்து பட்ட இலையைத் தின்ற பட்டுப்புழு மொத்தமாகச் செத்துப்போகும். தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயி வளர்க்கும் புழுவில் இருந்தும் காஞ்சிபுரத்துத் தறிக்கு இழை வருகிறது என்பதை மறக்கக் கூடாது.

ட்ரோன் வாங்க மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவிகிதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய். மற்ற விவசாயிகளுக்கு 40 சதவிகிதம், அதிகபட்சம் 4 லட்சம். 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 80 சதவிகிதம், அதிகபட்சம் 8 லட்சம். நிதி ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், பணம் கட்டும் முன் வட்டாரத்தில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் நடப்பு நிலவரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆக, வீட்டில் ஒரு பிள்ளை விமானம் செய்யப் போகிறேன் என்றால் சிரிக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். நிலத்தை அடகு வைத்துப் பணம் கொடுக்கவும் வேண்டாம். குழித்தறியில் உட்காரும் முன்னால் பல வருடம் பக்கத்தில் உட்கார்ந்து கோர்வை வாங்கிக் கொடுத்துக் கற்றுக்கொள்கிற பிள்ளைகளைப் பார்த்த ஊர் இது. பறக்கிற தொழிலையும் அப்படிப் படிப்படியாகக் கற்கட்டும். முதலில் பொம்மை விமானம், பிறகு ட்ரோன், பிறகு படிப்பு. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், அப்போது அது வெறும் ஆசையாக இருக்காது.

வாசகர்கள் கேட்கக்கூடிய கேள்விகள்

வீட்டிலேயே சிறிய ட்ரோன் செய்து பழக அனுமதி வேண்டுமா?

2021-ம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, 250 கிராம் வரை உள்ள நேனோ ட்ரோனை இயக்க விமானி சான்றிதழ் தேவையில்லை. 2 கிலோ வரை உள்ள மைக்ரோ ட்ரோனை வணிக நோக்கமில்லாமல் இயக்கவும் தேவையில்லை. ஆனால், தடை செய்யப்பட்ட பகுதிகளில் எதையும் பறக்கவிடக் கூடாது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் ஊர் பச்சை மண்டலமா என்று பார்த்த பிறகே பறக்கவிட வேண்டும்.

நாமே செய்த ட்ரோனில் வாடகைக்கு மருந்து தெளிக்கலாமா?

கூடாது. தெளிப்புக்குப் பயன்படுத்தும் ட்ரோனுக்கு வகைச் சான்றிதழும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மருந்து ஏற்றிய ட்ரோன் விழுந்தால் ஆளுக்கும் பயிருக்கும் ஆபத்து.

ட்ரோன் விமானி சான்றிதழுக்கு என்ன தகுதி?

18 முதல் 65 வயதுக்குள் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேர்ச்சி. டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். சேரும் முன் அந்த மையத்தின் அங்கீகாரத்தைக் கட்டாயம் சரிபார்க்கவும்.

பத்தாம் வகுப்பு முடித்த பையனுக்கு விமானத் துறையில் வழி உண்டா?

பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம், வேதியியல் எடுத்தால் விமானப் பொறியியல் பட்டப் படிப்பு, விமானப் பராமரிப்பு இன்ஜினீயர் படிப்பு இரண்டுக்கும் போகலாம். ஐ.டி.ஐ-யில் ஃபிட்டர், வெல்டர், மெஷினிஸ்ட் படித்தாலும் வீண் போகாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் விண்வெளி, விமானத் தொழில் பூங்கா இருக்கிறது. கை வேலை சுத்தமாகத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பக்கம் வேலை தேடலாம்.